பன்னிரண்டு பெற்று மூன்றை வளர்த்தவள்

லால்குடி, மண்ணச்சநல்லூர், அந்தநல்லூர் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களின் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். குப்பாயி, குப்பம்மாள், பிச்சையம்மாள், பிச்சைமுத்து, பிச்சை. அழகு பார்த்து வைத்த பெயர்கள் அல்ல இவை. முன்னே பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்ட வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுப்பார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்கு வாங்குவார்கள். "இது குப்பை, இது பிச்சையாக வந்தது. இதைக் கொண்டுபோய் உனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று எமனிடம் சொல்லி அவனை ஏமாற்றும் வழி அது.

ஆக, ஒரு குப்பாயி உயிரோடு இருக்கிறார் என்றால், அவருக்கு முன்னால் பிறந்து பெயர்கூட நிலைக்காமல் போன அண்ணனோ அக்காளோ இருந்திருக்கிறார்கள். எல்லாச் சாதியிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் கூலி வேலையை விட்டால் வேறு வழியில்லாத சேரித் தெருக்களில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மூன்றாம் நாளே வயலில் நிற்க வேண்டியிருந்தது. அவளுடைய அழுகைக்குக்கூட விடுமுறை கிடையாது.

இந்த வாரம் அந்தத் தாயைப் பற்றித்தான் பேசப்போகிறோம். வயலில் உழைத்து, பெரிய குடும்பத்தைச் சுமந்து, சாமியை நம்பிப் பிள்ளைகளை ஆளாக்கியவள். அவளை எல்லாரும் புகழ்கிறார்கள். புகழ்வது போதுமா என்பதே நம் கேள்வி.

வீரம்மாவின் கதை

நம் அப்பாயிகளும் அம்மாயிகளும் தங்கள் வாழ்க்கையை எழுதி வைக்கவில்லை. எழுத அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கை மட்டும் உலக மொழிகளில் புத்தகமாகியிருக்கிறது. பறையர் சமூகத்தில் பிறந்தவர். விவசாயக் கூலி. ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரை பாடத் தெரிந்தவர். ஜோசியான் ராசின் என்ற இசை ஆய்வாளர் பாட்டுகளைப் பதிவு செய்யப் போன இடத்தில் வீரம்மாவைச் சந்தித்தார். பாட்டில் தொடங்கியது வாழ்க்கைக் கதையாக வளர்ந்தது. பத்து ஆண்டுகள் தமிழிலேயே பேசிப் பேசிச் சேர்த்த அந்தக் கதையை அவரும் அவர் கணவர் ழான்-லுக் ராசினும் 1995-இல் பிரெஞ்சில் வெளியிட்டார்கள். 1997-இல் ஆங்கிலத்தில் வந்தது. பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்பில் 'அடிமைப்பட்டோரின் சிரிப்பு' என்று பொருள்படும் சொற்கள் உண்டு. அவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் வீரம்மா கேலியும் கிண்டலுமாகப் பேசுகிறவர் என்பதால் அது பொருத்தமான தலைப்பு.

வீரம்மாவுக்கு வயதுக்கு வரும் முன்பே திருமணம் நடந்துவிட்டது. கணவரோடு சேர்ந்து ஊர்ப் பெரிய நிலக்காரரின் வயல்களில் உழைத்தார். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றார். உயிரோடு மிஞ்சியது மூன்று.

பன்னிரண்டில் மூன்று. மாணவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு முறை கருவுற்ற வயிற்றோடு களை பறித்த உடம்பு அது. ஒன்பது பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிய குரல் அது.

குனிந்த முதுகு

காவிரிக் கரையில் உள்ள நமக்கு வயல்வேலையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நகரத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தென்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்கால். வடகரையில் லால்குடி வரை நஞ்சை. மேலணை கட்டியது 1830-களில், ஆர்தர் காட்டன் காலத்தில் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்றும் படிக்கிறோம். அந்தத் தண்ணீரை நெல்லாக்கியவர்கள் யார் என்பதைத்தான் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை.

விடியும் முன்னே எழுந்து, பழைய சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துப் புறப்படுவாள். நாற்றங்காலில் நாற்றுப் பறித்து முடி கட்டிக் கொடுத்தால், பெண்கள் வரிசையாக இறங்கி நடுவார்கள். வரப்போர மரத்தில் தூளி ஆடும். குழந்தை அழுதால் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்க வேண்டும். நடவு முடிந்தால் களை. களை முடிந்தால் அறுப்பு. பிறகு களத்துமேட்டில் தூற்றலும் புடைத்தலும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, தண்ணீர்க் குடம், சாணி, விறகு. நெல்லாகக் கூலி அளந்த காலத்தில் பதர் கலந்த நெல்லே பல இடங்களில் அவள் முந்தானையில் விழுந்தது.

இவ்வளவும் செய்தவளுக்கு ஊர் வைத்த பெயர் 'நடவாள்', 'கூலியாள்', 'பண்ணையாள்'. விவசாயி என்ற பெயர் பட்டா வைத்திருந்தவருக்குப் போயிற்று. வரப்பில் குடை பிடித்து நின்றவர் விவசாயி. வயலுக்குள் நின்றவள் ஆள்.

அவள் கும்பிட்ட சாமி

இந்த வாழ்க்கையில் அவளைத் தாங்கியது என்ன என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "சாமிதான்."

அந்தச் சாமி யார் என்று பார்க்க வேண்டும். சமயபுரத்து மாரியம்மனை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாள்கள் அங்கே அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர் அம்மனுக்காக விரதம் இருப்பது எங்கும் உண்டு. இங்கே பக்தர்களுக்காக அம்மன் விரதம் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அந்த நாள்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் மட்டுமே.

பிள்ளைகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுத் தான் நீராகாரத்தைக் குடித்துப் படுத்த தாய்க்கு, பட்டினி இருக்கும் அம்மனை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது தன் கதை. சுட்டெரிக்கும் வெயிலில் நடந்து போய் அவள் அந்த வாசலில் நின்றதற்கு இதுவும் காரணம் என்று நாம் நினைக்கிறோம். வேளாங்கண்ணி மாதாவை நம்பிய வீடுகளிலும் இதே மனம்தான். பிள்ளையை மடியில் ஏந்திய தாயிடம் இன்னொரு தாய் பேசுகிறாள்.

ஸ்ரீரங்கத்துக்கும் இதில் ஒரு கதை உண்டு. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், கோயிலுக்குள் போக முடியாமல் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடியவர். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்லிக் கல்லெறிந்தார், நெற்றியில் இரத்தம் வழிந்தது, பிறகு அரங்கனே ஆணையிட்டு, கல்லெறிந்தவர் தோளிலேயே பாணரைச் சுமந்துவரச் செய்தான் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. அவர் பாடிய பத்துப் பாசுரங்கள் இன்றும் திவ்வியப் பிரபந்தத்தில் இருக்கின்றன.

கதையில் தோளில் சுமந்த ஊர், நடப்பில் என்ன செய்தது? பாணரின் வழியில் வந்தவர்களுக்கும் சேரி மக்களுக்கும் பெரிய கோயில்களின் கதவு நூற்றாண்டுகளாக மூடியே இருந்தது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியோர் நுழைந்த பிறகுதான் சட்டம் அசைந்தது. 1947-இல் வந்த ஆலய நுழைவு அனுமதிச் சட்டம்தான் சென்னை மாகாணம் முழுவதும் அதை உரிமையாக்கியது. மதம் மாறிய தாய்க்கும் முழு விடுதலை கிடைக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து நடந்த போராட்டங்களை வாசகர்கள் அறிவார்கள். செத்த பிறகும் சாதி விடவில்லை.

அவள் நம்பிய சாமி அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சாமிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றவர்கள்தான் சொன்னார்கள். இந்த வேறுபாட்டை அவள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தாள். அதனால்தான் நம்பிக்கையை அவள் விடவில்லை.

காட்டேரியும் ரணஜன்னியும்

நம்பிக்கையின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். வீரம்மாவின் ஊரில் பிள்ளைகள் இறந்தபோது பெண்கள் காட்டேரியைப் பழித்தார்கள். நம் ஊர்களிலும் அப்படித்தான். பிறந்த சில நாள்களில் குழந்தை பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, உடம்பு வில்லாக வளைந்து இறந்தால் "காத்துக் கருப்பு" என்றார்கள். மருத்துவத்தில் அதற்குப் பெயர் ரணஜன்னி. துருப்பிடித்த அரிவாளில் தொப்புள்கொடி அறுத்து, அதில் சாணியும் சாம்பலும் வைத்த இடத்தில் கிருமி புகுந்து வரும் நோய் அது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும், கொடி அறுக்கச் சுத்தமான பிளேடும் இருந்தால் போதும், வராது.

காட்டேரியைத் துரத்தியவர்கள் யார் என்று கேட்டால், வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது. 1977-இல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தது. 2015-இல், தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1971-இல் நம் நாட்டில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13.

சோறும் சேர்ந்து காப்பாற்றியது. 1982 ஜூலை 1-ஆம் நாள் அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம் திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். வயலுக்குப் போன தாய், மத்தியானம் பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்ற நினைப்போடு நடவு நட அது உதவியது.

இதைச் சொல்வதால் அவளுடைய நம்பிக்கையை நாம் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒன்பதைப் புதைத்துவிட்டு மீதி மூன்றுக்காக மறுநாள் எழுந்து நிற்க அவளுக்கு நம்பிக்கை வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஒன்பதும் சாகாமல் இருக்க ஊசியும் சோறும் ஆஸ்பத்திரியும் வேண்டியிருந்தன. முதலாவது அவளிடமே இருந்தது. இரண்டாவது அவளுக்குத் தரப்பட வேண்டியது. தராமல் விட்டவர்கள், "பாவம், எவ்வளவு பொறுமை, எவ்வளவு பக்தி" என்று புகழ்ந்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

நாகம்மாளின் மகள்

தாயின் உழைப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு நிற்காத ஒரு மகளும் தமிழ்நாட்டில் உண்டு. திண்டுக்கல் பக்கம் 1926-இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். நிறைமாதத்திலும் வயலில் குனிந்து வேலை செய்த தன் தாய் நாகம்மாளைக் கண்டு வளர்ந்தவர். கல்லூரி வரை படித்தார். சர்வோதய இயக்கத்தில் சேர்ந்து 1950-இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். வள்ளலார் மீது ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். தாயிடமிருந்த நம்பிக்கையும் மகளிடம் குறையவில்லை. ஆனால் மகள் அதை நிலத்தை நோக்கித் திருப்பினார்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத் தஞ்சைக்கே வந்து தங்கினார்கள். 1981-இல் 'லாப்டி' என்று அழைக்கப்படும், உழுபவர் நில உரிமைக்கான இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரரையும் நிலமற்றவரையும் பேச வைத்து, வங்கிக் கடன் பெற்று, நியாய விலைக்கு நிலத்தை வாங்கி, உழைப்பவர் பெயருக்கு எழுதுவது அதன் வழி. 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் நிலம் கிடைத்தது. பட்டாவைப் பெண்கள் பெயரில் எழுத வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 2008-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது இருவருக்கும் லாப்டிக்கும் கிடைத்தது. 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். கேட்பதற்குச் சின்னது. ஆனால் கூலி கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்த வீட்டில், ஓர் ஏக்கர் என்பது நிமிர்ந்து பேசுவதற்கான இடம்.

அவள் பெயரில் எத்தனை சென்ட்?

இன்றைய நிலை என்ன? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் சாகுபடி நிலத்தில் அவர்களிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லாச் சாதிப் பெண்களையும் சேர்த்தாலும், சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் உள்ளவை சுமார் 14 விழுக்காடுதான். தலித்தாகவும் பெண்ணாகவும் இருப்பவளுக்கு இதில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1989-இல் தமிழ்நாடு சட்டம் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தது. நல்ல சட்டம். பங்கு கேட்க அப்பனிடம் நிலம் இருந்தால்தானே.

இதற்கிடையில் அறுவடை எந்திரமும் நடவு எந்திரமும் வந்துவிட்டன. முதுகு வலி குறைந்தது, கூடவே வேலை நாளும் குறைந்தது. நிலம் இருப்பவருக்கு எந்திரம் லாபம். நிலம் இல்லாதவளுக்கு அது இன்னொரு பட்டினி.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, தாட்கோ வழியாக அரசு நடத்தும் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம். நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நஞ்சையானால் இரண்டரை ஏக்கர், புஞ்சையானால் 5 ஏக்கர் வரை வாங்கலாம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணத்துக்கு முழு விலக்கு. வயது 18 முதல் 55 வரை. நிலத்தை விற்பவர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும். நம்மவர் நிலம் நம்மவருக்குள்ளேயே கைமாறினால் மொத்தம் கூடாது என்பதுதான் காரணம். மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காவிரிக்கரை நஞ்சையின் விலைக்கு இந்த மானியம் பற்றாது என்பது உண்மை. மீதிப் பாதிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கவும், ஊர் விலைக்கு ஏற்ப மானியத்தை உயர்த்தவும் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

இரண்டாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படி ஒதுக்கிய நிலங்கள் பல ஊர்களில் வேறு கைகளில் இருக்கின்றன. உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். படித்த பிள்ளைகள் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் வேலை இது.

மாணவர்களுக்கு

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கின? எந்தப் பண்ணையில் வேலை, என்ன கூலி, யார் அளந்தார்கள்? எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டீர்கள், எந்தக் கோயில் வாசலில் தடுத்தார்கள்? செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நோட்டில் எழுதுங்கள். வீரம்மாவின் கதையைக் கேட்க ஓர் ஆய்வாளர் வந்தார். நம் வீட்டுக் கதையைக் கேட்க நாம் இருக்கிறோம்.

கேட்டு எழுதிய பிறகு, கடைசியாக ஒரு கேள்வி. இவ்வளவு காலம் சேற்றில் நின்ற அவள் பெயரில் எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுமில்லை என்றே வரும். அவள் பக்தியைப் பாராட்ட ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். தாட்கோ அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். அதில் 'தொழில்' என்று கேட்டிருக்கும் இடத்தில் விவசாயி என்று எழுதுங்கள்.